தொண்ணூற்றொன்றா, தொண்ணூற்றெட்டா

அந்த வீட்டில் காரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே ஜீவன் கார்தான். இருபத்தாறு வயது, பாசிப் பச்சை நிறம். பின்கதவு ஒன்றை உள்ளேயிருந்து திறக்க முடியாது. மற்றபடி நல்ல உடம்பு. ஏற்றத்தில் ஏறும்போது மட்டும், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இன்ஜினுக்குள் ஒரு சத்தம். சில வாரம் வரும், சில வாரம் வராது. வருகிற வாரத்தில் வீட்டில் சண்டையும் கூடவே வரும்.

அந்த வீட்டு மருமகளுக்கு, ஓசையை அளக்கும் அலகின் பெயரான டெசிபல் என்று பேர் வைத்தது அவள் கணவன். கல்யாணமான புதிதில், மாடியில் குழாய் சொட்டுகிறது என்று கீழே படுத்தபடியே கண்டுபிடித்துச் சொன்னாள் என்பதற்காக. தொழிலும் அதற்குத் தோதானதுதான். ஊருக்குள் ஒரு காது மருத்துவமனையில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எந்த ஓசை எந்த அளவில் காதில் விழுகிறது என்று சோதித்துப் படம் எடுத்துக் கொடுப்பாள். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கண்ணுக்கு அவன், காதுக்கு அவள், வாய்க்கு மாமனார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

மாமனார் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் படிக்குமுன் காற்புள்ளிகளைப் படிப்பார். அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அது வேதவாக்கு, பிழை இருந்தால் மட்டும் திருத்திக்கொண்ட வேதவாக்கு. காரோடு வந்த கையேட்டை மூன்று தடவை படித்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சிவப்பு மையில் சேர்த்தும் வைத்திருந்தார். அந்தக் கையேட்டில் 'பெட்ரோல்: ஆக்டேன் 91' என்று போட்டிருந்தது. ஊரில் 91, 95, 98 என்று மூன்று தர எண்ணில் பெட்ரோல் கிடைத்தாலும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். மேட்டில் வருகிற சத்தத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்: சத்தமா, எங்கே சத்தம்? அவருக்குக் கேட்கவில்லை, ஆகவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இந்த மட்டோடு இருந்திருந்தால் வீட்டுச் சண்டையாகவே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை, மலைமேல் இருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அங்கே செவித்திறன் பிரிவுக்கு அவளைத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். ஒன்பது வருஷமாக அவள் சோதித்து எடுத்த படங்களுக்குக் கீழே வேறொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இனி அந்த இடத்தில் அவள் கையெழுத்து. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். வருகிறாளா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும்.

மலைக்குப் பேருந்து ஒன்றே ஒன்று. அது ஆடி அசைந்து பத்தேகாலுக்குத்தான் மேலே போய்ச் சேரும். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், பதினொரு கொண்டை ஊசி வளைவு. புது வண்டி வாங்க வீட்டில் வழியில்லை. பச்சைக் கார் தினமும் மலையேறினால் வேலை உண்டு, ஏறாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அன்று மாலையே அவளும் கணவனும் ஏறிப் பார்த்தார்கள். ஐந்தாவது வளைவில் கோலிக்குண்டுகள் குலுங்க ஆரம்பித்தன. ஆறாவதில் டப்பாவே உடையும்போல இருந்தது. அங்கேயே திருப்பிக்கொண்டு நேராக மெக்கானிக் பஞ்சுவிடம் போனார்கள். எந்நேரமும் கையில் துடைக்கிற பஞ்சோடு திரிவதால் அவருக்கு அந்தப் பேர். அவர் பானெட்டைத் திறந்தார், ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார், உதட்டைப் பிதுக்கினார். இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது, வயசாகிவிட்டது, இப்படியே மலையேற்றினால் ஒருநாள் பிஸ்டன் உடைந்து நடுவழியில் நிற்கும் என்றார். இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைத் தள்ளிவைத்தால் சத்தம் அடங்குமாம், ஆனால் மேட்டில் இழுவையும் அடங்கிவிடுமாம்.

கணவன் பயந்துவிட்டான். அவன் பயம் காருக்காக இல்லை, அவளுக்காக. அதனால்தான் அவளால் அவனோடு சண்டை போட முடியவில்லை. ஓடுகிற நிலையில் இருக்கும்போதே தள்ளிவிடுவது நல்லது என்று, பழைய வண்டிகளை உடைத்து விற்பவரைக் கூப்பிட்டுப் பேசினான். சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். டெசிபல் சமையலறையில் நின்று, கழுவிய டம்ளரையே மூன்று தடவை கழுவினாள். ஆத்திரமும் அழுகையும் சரிபாதியாக வந்தன.

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவளுக்குச் சுருக்கென்று ஒன்று பட்டது. வயசாகி வரும் நோய்க்கு லீவு கிடையாது. முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு வாரம் வலித்து, ஒரு வாரம் வாலிபம் திரும்பாது. இன்ஜின் தேய்ந்திருந்தால் சத்தம் தினமும் வந்தாக வேண்டும். இது வந்து வந்து போகிறதென்றால், உள்ளே போகிற ஏதோ ஒன்று மாறி மாறிப் போகிறது.

சாப்பிடும் மேஜையில் நேராகவே கேட்டாள்.

"கார்ல யார் யார் என்ன பெட்ரோல் போடறீங்க?"

"இதென்ன கேள்வி? தொண்ணூத்தொண்ணுதான்" என்றார் மாமனார். கணவன் தட்டைப் பார்த்தான். தட்டில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை. அவள் கேள்வியை அவன் பக்கம் திருப்பினாள்.

"சம்பளம் வந்தா தொண்ணூத்தெட்டு" என்றான் அவன் மெல்ல. "பழைய வண்டி பாவம், நல்லதாக் குடுப்போம்னு."

இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தவர்கள். அப்பா பகலில் 91 ஊற்றினார். மகன் அப்பாவுக்குத் தெரியாமல் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் 98 ஊற்றினான், 98 கிடைப்பது அங்கே மட்டும்தான். இரண்டு பேருமே மற்றவர் ஊற்றியதன்மேல்தான் ஊற்றினார்கள், டேங்க் ஒருநாளும் காலியானதில்லை. ஆக, உள்ளே எப்போதும் கூட்டணி ஆட்சிதான். எந்த வாரம் எந்தக் கட்சிக்குப் பலம் என்று எவருக்கும் தெரியாது. கடைசியாக நிரப்பியது யார் என்று அவள் கேட்டாள். போன வெள்ளிக்கிழமை, மாமனார், முக்கால் டேங்க்.

அப்படியானால் 91 மிகும்போது சத்தம் வருகிறது, 98 மிகும்போது போகிறது. அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையேட்டில் 91 என்று அச்சடித்திருக்கிறது, ஆகவே 91-க்குச் சத்தம் வர முடியாது, நானும் வாரம் நான்கு நாள் ஓட்டுகிறேன், ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்றார். குரலில் கோபம் இல்லை. அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருக்கும் மனிதரின் நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அந்த நிம்மதியைக் கலைக்காமல் இந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, நாளைக்கு என்னோட ஒரு மணி நேரம் வாங்க. உங்க காது சரியா இருந்தா சத்தம் என் பிரமைன்னு ஒத்துக்கறேன். மலை வேலையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "என் காதுதான் சரியில்லன்னு நீ வாயால சொன்னாப் போதாது. அச்சுல குடுக்கணும்" என்றார்.

புதன்கிழமை கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்தார். ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த ஓசைகளுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். நூற்றுக்கு நூறு. அவள் மெல்ல மெல்ல உயர்ந்த ஓசைகளுக்குப் போனாள். மூவாயிரம் ஹெர்ட்ஸில் தடுமாறினார். நாலாயிரத்தில் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, மணி அடிக்கக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓசையைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அடுத்த அறை நர்ஸுக்கே கேட்டிருக்கும். அவர் விரல் அசையவில்லை. ஜெயிக்கத்தான் அவரை அங்கே கூட்டிவந்திருந்தாள். ஜெயிப்பது இப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி, முதலில் படிவத்தின் தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். ஒன்பது வருஷமாக அதை யாரும் பார்த்ததில்லை. பிறகு கோட்டைப் பார்த்தார். அது பாதிவரை தரையில் நடந்து, பிறகு கிணற்றில் குதித்திருந்தது. இன்ஜின் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். அவள் கிணற்றைக் காட்டினாள்.

கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "காலைல குருவிங்க கத்தறதில்லையே, எல்லாம் ஊரவிட்டே போயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "இருக்கா?"

"இருக்கு மாமா. தினமும் கத்துது."

அவர் தலையாட்டினார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீடு வரும் வழியில் ஒரு சந்தேகம் கேட்டார். அப்படியானால் சத்தமும் உண்மை, கையேடும் உண்மை, இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்றார். கட்சி மாறிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் அரைகுறையாகச் சேருகிற ஆள் இல்லை.

வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கார் வாங்கிய நாள் முதலான ரிப்பேர்ச் சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாகத் தரையில் பரப்பியிருந்தன. நடுவில் மாமனார் சிவப்புப் பேனாவோடு சம்மணமிட்டிருந்தார். ஒரு சீட்டைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் வெளியூர்ச் சாலையில் தண்ணீர் கசிந்து இன்ஜின் கொதித்துப்போனது, அப்போது வழியில் ஒரு லேத் பட்டறையில் சரிசெய்தார்கள். அந்தச் சீட்டு. கோணிப்போன சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, ஒன்றரை மில்லிமீட்டர் சீவியதாக அதில் ஒரு வரி இருந்தது.

"இதுக்கப்புறம்தானே உங்களுக்குச் சத்தம் கேக்க ஆரம்பிச்சது?" என்றார். அவள் மனசுக்குள் வருஷத்தை எண்ணிப் பார்த்தாள். ஆமாம்.

"கையேட்டுல தப்பில்லம்மா. அது முதல் பதிப்புக்குப் போட்டது. வண்டி இப்ப திருத்திய பதிப்பு. நான் நாலு வருஷமா பழைய பதிப்ப வெச்சுப் புதுசத் திருத்திட்டிருக்கேன்."

தன் பிழையைத் தானே கண்டுபிடித்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தபோதுகூட அவர் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு இருவரும் பஞ்சுவிடம் ஓடினார்கள். பஞ்சு படித்தார், இன்னொரு முறை படித்தார், தலையைச் சொறிந்தார். ஹெட்டைச் சீவியது அவருக்குத் தெரியாது, அது அவரிடம் வண்டி வருவதற்கு முந்தைய கதை. சீவினால் உள்ளே இடம் சின்னதாகும், இடம் சின்னதானால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் சின்ன நம்பர் பெட்ரோல் பொறுமையில்லாமல் தன் முறை வருவதற்குள் வெடிக்கும், அந்த முந்திரிக்கொட்டைத்தனம்தான் கோலிக்குண்டுச் சத்தம் என்று விளக்கினார். பிறகு பிளக்குகளைக் கழற்றி, அழுத்தம் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு ஓட்டையிலும் செருகிப் பார்த்தார். நான்கிலும் ஒரே அளவு, அதுவும் நல்ல உயரத்தில்.

"தேஞ்ச இன்ஜின் இப்படி மூச்சு விடாதும்மா" என்றார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். புது வண்டிங்களுக்கு உள்ளயே ஒரு காது வெச்சிருக்கான், தானே கேட்டுத் தானே சரிபண்ணிக்கும். இதுக்கு அது கிடையாது. நாமதான் காது."

கடையை அடைத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்த கணவனுக்கு, இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரே உற்சாகம். அதைத்தானே நான் அன்றே செய்தேன், பேசாமல் 98 போட்டு ஏற்றுவோம் என்றான். அவள் சம்மதிக்கவில்லை. மலையடிவார பங்க்கில் 91-ம் 95-ம்தான் உண்டு. தினமும் மலையேறுகிறவள் வாரத்துக்கு இரண்டு தடவை ஊரின் அந்தக் கோடிக்கு ஓட முடியுமா? தேவைக்குமேல் போட்டால் இழுவை ஒன்றும் கூடாது, பர்ஸ்தான் எரியும் என்று பஞ்சுவும் ஒத்து ஊதினார். காது சோதிக்கும்போது அவள் ஒருநாளும் எடுத்த எடுப்பில் பெரிய சத்தம் வைக்கமாட்டாள். படிப்படியாக ஏறி, எந்தப் படியில் கேட்கிறதோ அந்தப் படிதான் அளவு. இதற்கும் அதே முறை. முதலில் 95. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. 95-லும் குலுங்கினால் மறுபடி டேங்கைக் காலிசெய்து 98 போட்டுப் பார்க்க நேரம் கிடையாது. ஐந்து மணி ஐந்து மணிதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் அரைநாள் விடுப்புப் போட்டாள். கூட்டணிப் பெட்ரோல் முழுவதையும் பஞ்சு குழாய் வைத்து உறிஞ்சிக் கேன்களில் இறக்கினார். டேங்க் வறண்டதை மாமனார் டார்ச் அடித்துச் சரிபார்த்தார். கேனில் கொண்டுவந்த 95-ஐ ஊற்றினார்கள். ஓட்டுநர் இருக்கையில் டெசிபல், பக்கத்தில் மாமனார், பின்னால் கணவனும் பஞ்சுவும். கண்ணாடிகள் எல்லாம் இறக்கிவிட்டாயிற்று. அடிவாரத்தில் மணி நாலேகால்.

முதல் நாலு வளைவு ஒன்றுமில்லை. அது தெரிந்ததுதான். ஐந்தாவது வளைவு திரும்பியதும் சாலை நெஞ்சுக்கு நேராக எழுந்து நின்றது. அவள் இரண்டாவது கியருக்குப் போகவில்லை. வேண்டுமென்றே மூன்றாவதிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். சத்தம் வர வேண்டுமானால் வருவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பஞ்சு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார். மாமனார் சாலையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிழை இருக்கிறதா என்று படிக்கிற பார்வை.

இன்ஜின் அடித்தொண்டையில் உறுமியது. அவ்வளவுதான். அந்த உறுமலுக்கு மேலே, எங்கே கோலிக்குண்டுகள் குலுங்குமோ அந்த இடத்தில், காற்று மட்டும் இருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள். ஆறாவது வளைவு. ஏழாவது. வேகம் குறையவில்லை. எட்டாவதில் புத்தம் புதுக் கார் ஒன்று பானெட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு ஓரமாக நின்றது. தொழில் பாசத்தில் பஞ்சு துடித்தார். திரும்பி வரும்போது நிறுத்துவதாக அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் காலை எடுக்காமலே அதைத் தாண்டினாள். ஒன்பது. பத்து. பின்சீட்டில் கணவன் மூச்சை விட்டானா என்பதே சந்தேகம்.

பதினொன்றாவது வளைவின் தலையில் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"கேக்குதா?"

"இல்ல மாமா."

"எனக்காகச் சொல்லலையே?"

"உங்களுக்கு எப்படிக் கேக்கலையோ, அப்படியே எனக்கும் கேக்கல."

அவர் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு. பஞ்சு தலையை உள்ளே இழுத்து, காற்றில் கலைந்த முடியோடு, தொண்ணூற்றைந்துதான், தொண்ணூற்றைந்தேதான் என்றார். அப்பாவின் 91-ம் தோற்றது, மகனின் 98-ம் தோற்றது. தோற்ற இருவரும் ஜெயித்த மாதிரி கைகொடுத்துக்கொண்டார்கள். கணவன் உடனே போனை எடுத்து, வண்டியை உடைக்க நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொன்னான். எதிர்முனையில் காரணம் கேட்டார்கள் போல. "வண்டி வேலைக்குப் போகுது" என்று வைத்துவிட்டான்.

மருத்துவமனை கேட்டின்முன் வந்து நிறுத்தியபோது ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. இன்ஜினை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். பழைய கார், அதில் ஒரு கிழவர், பின்னால் கலைந்த தலையோடு இரண்டு ஆண்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்தபடியே சொன்னார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றும் கேட்டார்.

"யாரையும் பாக்க வரல" என்றாள் அவள். "திங்கட்கிழமையிலிருந்து காதுப் பிரிவு என்னோடது. வரேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

காவலாளி எழுந்து நின்று கேட்டைத் திறந்தார்.